இருபத்தொரு பீடி

மாமாவுக்கு முதலில் போனது இடது கால் சுண்டுவிரல். நான் அப்போது ஆறாம் வகுப்பு. முள் குத்திப் புரையோடிவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அடுத்த வருஷம் அதே காலில் இன்னும் இரண்டு விரல். நான் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது 38.

எடுத்த நாலாம் நாள், அம்மா டீ வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ஏ பிள்ள, நாளைக்கு வரும்போது அம்மை தட்டுலருந்து நாலு எடுத்துட்டு வா. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். இன்றைக்குத் தென்காசி மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலி. அந்தப் பக்கத்தில் பீடித் தட்டு இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலை வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும். ராத்திரி நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, காலையில் தகரத் துண்டை அளவாக வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றினால் ஒரு பீடி. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. அம்மா ஒரு நாளைக்கு 40 கட்டு போடுவாள். சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், நோஞ்சானாக இருப்பதையும் நூல் நெகிழ்ந்ததையும் கழிவு என்று தள்ளிவிடுவார்கள். கட்டைக் கையில் வாங்கியதுமே எண்ணிக்கை குறைகிறதா என்று சொல்லிவிடுகிற கை அம்மாவுடையது.

அந்தத் தட்டிலிருந்து எடுத்தேன். இன்னும் கட்டாமல் குவித்து வைத்திருந்ததில் கை வைத்திருக்கலாம். பதற்றத்தில், கட்டி அடுக்கியிருந்த ஒரு கட்டிலிருந்து நாலை உருவிவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து பஸ்ஸில் கொண்டு போனேன். பாக்ஸில் அந்த வாசனை பத்தாம் வகுப்பு வரை இருந்தது.

வார்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. சக்கர நாற்காலியை அங்கே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். பீடியை வாங்கிய மனுஷன் உடனே பற்றவைக்கவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் நுனி ஏற்கெனவே கறுத்திருந்ததால் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். தீப்பெட்டியை எடுத்தார். மடியில் வைத்தார். மறுபடி எடுத்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே முகம் சுளித்தது. "ருசியே இல்ல, பிள்ள" என்றார். சொல்லிவிட்டு மூன்றைக் குடித்தார். நாலாவதைச் சட்டை மடிப்புக்குள் சொருகிக்கொண்டார்.

இப்போது நான் பெங்களூரில் மூளை ஆய்வில் முனைவர் பட்டம் செய்கிறேன், நாலாம் வருஷம். கெடுதல் என்று தெரிந்தும் ஓர் உயிர் ஒரு காரியத்தை ஏன் விடாமல் செய்கிறது என்பது என் தலைப்பு. சேரும்போது நேர்முகத்தில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டார்கள். 1954-இல் மாண்ட்ரியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் ஓர் எலியின் மூளையில் மின்முனையைப் பொருத்தியதையும், அது குறி தப்பி வேறு இடத்தில் உட்கார்ந்ததையும், அந்தத் தப்பால்தான் தன் மூளைக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்ள விசையை ஓயாமல் அழுத்தும் எலி உலகத்துக்குத் தெரியவந்ததையும் சொன்னேன். நல்ல பதில்தான். எல்லாரும் சொல்கிற பதிலும்கூட. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாமாவின் நோய்க்கு பர்ஜர் நோய் என்று பெயர். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர், வெட்டியெடுத்த கால்களை அறுத்துப் பார்த்து விவரமாக எழுதினார். கை கால்களுக்குப் போகும் சின்ன, நடுத்தர ரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நடந்தால் கெண்டைக்காலும் பாதமும் வலிக்கும், அப்புறம் உட்கார்ந்திருந்தாலே வலிக்கும், அப்புறம் விரல் கறுக்கும். புகையிலை இல்லாமல் இந்த நோய் கிட்டத்தட்ட இல்லை. இதன் கொடுமை என்னவென்றால் வைத்தியம் இருப்பதுதான். புகையிலையை முழுக்க விட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குமேல் எதையும் வெட்ட வேண்டி வருவதில்லை. குறைத்துக்கொண்டால் போதாது, ஒன்றிரண்டு குடித்தாலும் நோய் விடாது. கால் வேண்டுமா, பீடி வேண்டுமா என்று இவ்வளவு பச்சையாகக் கேட்கும் வியாதி வேறு எனக்குத் தெரியவில்லை.

"அவனுக்குத் தெரியாமலா கெடக்கு? தெரிஞ்சேதான குடிக்கான்" என்பாள் அம்மா. ஊரே அதைத்தான் சொன்னது. அந்தத் 'தெரிஞ்சே' என்ற சொல்லில்தான் என் நாலு வருஷமும் போய்க்கொண்டிருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் நார்மன் ஃபார்பரோ இதற்கு மறைமுகத் தன்னழிப்பு என்று பெயர் வைத்தார். தற்கொலைத் தடுப்புக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர். 1979-இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் இதற்காக ஆராய்ந்தவர்கள், யாரென்று பார்த்தால், பர்ஜர் நோயாளிகள். நூலகத்தில் அந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்தபோது உள்ளங்கை வியர்த்தது. ஆனால் பெயரோடு எனக்குச் சண்டை. தன்னழிப்பு என்றால் அழிவை நாடுவது மாதிரி ஒலிக்கிறது. மாமா பிழைக்கத்தான் ஆசைப்பட்டார். கால் எடுத்த மறு மாதமே கட்டைக்கால் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்தவர் அவர். குத்தகை நிலத்தில் அந்த வருஷம் என்ன போடலாம் என்று என் அப்பாவோடு வாதாடியவர்.

உண்மையிலேயே தன் கை தன்னைத் தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. 1964-இல் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹான் இருவரும் எழுதியது, லெஷ்-நைஹான் என்றே பெயர். ஒரே ஒரு நொதி பழுதாகிவிடுகிறது. பெரும்பாலும் ஆண் குழந்தைகள்தான். தங்கள் உதட்டையும் விரலையும் தாங்களே கடித்துக் குதறிக்கொள்வார்கள். வலி தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும், கதறுவார்கள். கையைக் கட்டிப்போடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளே கெஞ்சும். கட்டிவிட்டால் நிம்மதியாகச் சிரிக்கும், அவிழ்த்தால் பயந்து அழும். அவர்கள் மூளையின் ஆழத்தில், அடித்தளக் கருக்கள் என்ற நரம்புத் திரள்களில், நரம்புகள் சேதி சொல்லிக்கொள்ளும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகவும் குறைவு. அந்த நொதி பழுதானதால் உடம்பில் ஏறிவிடும் யூரிக் அமிலத்தைக் குறைக்க மருந்து உண்டு, கடிப்பதை நிறுத்த அந்த மருந்தால் முடிவதில்லை. இதை வகுப்பில் கேட்ட அன்றைக்கு மதியம் நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. மாமா அந்த ரகம் இல்லை. அவர் கை அவர் சொன்னதைத்தான் செய்தது. அப்படியானால் சொன்னது யார்?

"ருசியே இல்ல" என்பதற்கு வருகிறேன். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்றொருவர், எலிகளின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர். இனிப்பை நாக்கில் விட்டால் எலி உதட்டை நக்கும். கசப்பை விட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தையும் ஏறக்குறைய அதையே செய்யும். டோபமைன் நரம்புகளை அழித்த எலி, முன்னால் தீனி இருந்தாலும் தின்னாது, விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆனால் அதே எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் சந்தோஷமாக உதட்டை நக்கும். அதாவது பிடிப்பது அப்படியே இருக்கிறது, வேண்டுமென்பதுதான் போய்விட்டது. தலைகீழாகவும் அவர் பார்த்திருக்கிறார். மூளையின் ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தால் எலி அள்ளி அள்ளித் தின்னும், ஆனால் முகத்தில் ருசித்ததற்கான அடையாளம் அதிகமாகாது, கசப்பின் சுளிப்புதான் அதிகமாகும். பிடிப்பதும் வேண்டுவதும் மூளையில் ஒன்றல்ல என்பது அவருடைய வாதம். டோபமைன் வேண்டுவதன் பக்கம். போதைப் பொருள் திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது வேண்டுதல் ஏறிக்கொண்டே போகும், பிடித்தம் அங்கேயே நிற்கும் அல்லது குறையும். இதை அவரும் டெரி ராபின்சனும் 1993-இல் எழுதினார்கள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று பீடி குடித்தவரை நேரில் பார்த்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டாம் வாசிப்பு தேவைப்படவில்லை.

பார்க்கின்சன் நோயாளிகளும் இதற்குச் சாட்சி. டோபமைன் போலவே வேலை செய்யும் மாத்திரைகள் அவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டையே தொடாதவர்களைக்கூட, சூதாட்டத்தில் இறக்கிவிடுகின்றன. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஒழுக்கம் மாத்திரை அளவோடு ஏறி இறங்குமா என்று எங்கள் ஊர்ப் பெரியவர் யாரையாவது கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

சரி, அப்பாவை என்ன செய்வது? அப்பாவும் பீடி குடித்தவர்தான். அதே தட்டு, அதே தூள். மாமாவுக்கு இரண்டாம் முறை விரல் எடுத்த அன்று, வீட்டுக்கு வந்து கையிலிருந்த கட்டை அடுப்பில் போட்டார். பத்து நாள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். அப்புறம் தொட்டதே இல்லை. "மச்சான் விடலையா? மனசு வெச்சா முடியாதா?" என்று மாமாவைக் கேட்காத ஆள் இல்லை. மாமா பதில் சொன்னதும் இல்லை.

நான் சுண்டெலிகளிடம் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். ஜெனீவாவில் கிறிஸ்டியன் லூஷரின் குழு 2018-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சுண்டெலி ஒரு விசையை அழுத்தினால், மயிரிழை போன்ற கண்ணாடி நார் வழியாக அதன் நடுமூளைக்குள் லேசர் ஒளி போய் டோபமைன் நரம்புகளைத் தட்டிவிடும். எல்லாமே மாய்ந்து மாய்ந்து அழுத்தக் கற்றுக்கொள்கின்றன. அதன்பிறகு அழுத்தினால் காலில் ஒரு ஷாக்கும் கூடவே வரும்படி செய்கிறார்கள். சுமார் 60 சதவீதம் ஷாக்கை வாங்கிக்கொண்டே அழுத்துகின்றன. மீதி விட்டுவிடுகின்றன. ஒரே வம்சம், மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லாதவை, ஒரே தீனி. விடாதவற்றில், கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப் புறணியிலிருந்து மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் மேல்பக்கத்துக்குப் போகும் இணைப்புகள் வலுத்திருந்தன. அந்த இணைப்புகளை ஒளியாலேயே தளர்த்தியபோது, விடாதவையும் விட்டன.

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு விளங்கும்படி சொல்லி முடித்ததும், "அப்போ நான் விட்டது என் சாமர்த்தியம் இல்லேங்கியா?" என்று கேட்டார். கொஞ்சம் கோபம். இல்லைப்பா என்றேன். எதற்கு இல்லை என்றேன் என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் ஆய்வகத்திலும் அதே வகை விசை, அதே வகை ஒளி. எலிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் அறையில் சிவப்பு விளக்கு மட்டும். இரவும் பகலும் அவற்றுக்கு மாற்றி வைத்திருப்போம். முக்கால்வாசிப் பேர் எண்ணுவது எத்தனை முறை அழுத்தியது என்று. நான் எண்ணுவது அழுத்துவதற்கு முன்னால் உள்ள நேரத்தை. ஷாக் தொடங்கிய பிறகு சில எலிகள் விசைக்கு வரும், முன்னங்காலைத் தூக்கும், அப்படியே நிற்கும். கால் இறங்காது. மூக்கு துடிக்கும். பின்னால் போகும், மறுபடி வரும், மறுபடி தூக்கும். அப்புறம் அழுத்தும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்தத் தூக்கிய கால் நடுங்குவது தெரியும். "நீ எலியில் ஆளைப் பார்க்கிறாய்" என்கிறான் பக்கத்து மேசைக்காரன். பார்க்கிறேன்தான். அதனால்தான் எந்த எலி எந்தக் கூட்டம் என்று தெரியாத இன்னொருவரை வைத்து வீடியோவைக் குறிக்கச் சொல்கிறேன். எலிக்குத் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தது வேலை செய்கிறது, தோற்கிறது. அந்த இடைவெளியில் எந்த நரம்பு எதோடு இழுபறி நடத்துகிறது என்று பார்க்க முடிந்தால் எனக்குப் போதும்.

ஆனால் 'தெரிஞ்சே' என்பதை அவ்வளவு சுலபமாக நான் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று சிட்னிக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கேவன் மெக்நாலியின் குழு மனிதர்களைக் கணினி விளையாட்டில் உட்காரவைத்தது. திரையில் இரண்டு கிரகங்கள். எதைச் சொடுக்கினாலும் புள்ளி கிடைக்கும். ஒன்றைச் சொடுக்கினால் மட்டும் கொள்ளைக்காரக் கப்பல் வந்து புள்ளியைப் பிடுங்கிக்கொண்டு போகும். சிலர் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் இழந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இழப்பு வலிக்காமல் இல்லை, புள்ளி மேல் பேராசையும் இல்லை. தங்கள் சொடுக்குதான் கப்பலைக் கூட்டிவருகிறது என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. இதுதான் சங்கதி என்று எடுத்துச் சொன்னதும் அவர்களில் பலர் மாறிவிடுகிறார்கள். சொன்ன பிறகும் மாறாத ஒரு கூட்டமும் இருக்கிறது.

மாமாவின் முதல் பத்து வருஷத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. புகை நுரையீரலுக்குப் போய் நிக்கோட்டின் மூளையைத் தொடச் சில விநாடிகள். விரல் கறுக்கப் பல வருஷம். நடுவில் ஆயிரக்கணக்கான பீடி, ஒன்றும் ஆகாத பீடி. கால் கடுத்தால் ஒரு பீடி, கொஞ்சம் தேவலை போலிருக்கும், ஆக அவர் கணக்கில் பீடி மருந்து. கால் கறுத்ததற்குக் காரணம் முள், வாதம், களை எடுக்கும்போது பட்ட தண்ணீர். பீடிதான் காரணம் என்று மருத்துவர் சொன்னபோது விரல்கள் போய்விட்டிருந்தன. அதற்குப் பிறகுதான் அவர் மூன்றாவது கூட்டம். ஊர் அவரை முதல் நாளிலிருந்தே அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

2007-இல் வந்த இன்னொரு ஆய்வை மாமா இறந்த பிறகுதான் படித்தேன். மூளையில் அடிபட்ட 69 புகைப்பழக்கக்காரர்கள், அவர்களில் 19 பேருக்குப் பாதிப்பு இன்சுலா என்ற மடிப்பில், உடம்பின் உள்நிலையை உணரும் இடத்தில். அந்த 19 பேரில் பலர் சிரமமே இல்லாமல் விட்டுவிட்டார்கள், மறுபடி ஆசை வரவில்லை. அவர்களில் ஒருவர், புகைக்க வேண்டும் என்ற உந்துதலை உடம்பே மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். யாரும் மனசு வைக்கவில்லை. ஒரு ராத்திரி, மாமாவுக்கு அப்படி ஒரு பக்கவாதம் சரியான இடத்தில் வந்திருந்தால் கால் தப்பியிருக்குமே என்று நினைத்துவிட்டு, எழுந்து முகம் கழுவினேன். மாமா 46-இல் மாரடைப்பில் போனார். சட்டைப்பையில் அரைக்கட்டு இருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள், நீ அங்கே என்னதான் பண்ணுகிறாய் என்று. அம்மா இப்போதும் சுற்றுகிறாள், முழங்கை வலியால் 20 கட்டுதான். தட்டுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். விசை, வெளிச்சம், ஷாக். இலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"எலிக்குக் கால்ல ஷாக்கு வைக்கது யாரு?"

"நான்தான்மா."

"அந்த வெளிச்சத்தக் குடுக்கது?"

"அதுவும் நான்தான்."

கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும். எனக்கு என்ன தோன்றியதோ, ஜாமெட்ரி பாக்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பதினைந்து வருஷம் கழித்து.

"தெரியும்" என்றாள். "அன்னைக்குக் கடையில கட்டக் குடுக்கப் போனா கை லேசா இருக்கு. எண்ணிப் பாத்தா இருபத்தொண்ணு. அங்க வாசல்லயே உக்காந்து நாலு சுத்திச் சேத்தேன்."

"ஏம்மா ஏசல?"

"நாலுக்கு உன்ன ஏசிட்டு?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவன் வீட்டுக்கு வந்தப்புறம் எட்டு வருசம், எந்நேரமும் கத்துவான். நான் எத்தன கட்டு குடுத்திருப்பேன்னு நெனைக்க?"